ட்ரெவாரனில் மேட்ச் இல்லாத சனிக்கிழமை

நேற்று மறுபடியும் மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை நடக்க வேண்டிய வெளியூர் மேட்ச் வியாழக்கிழமைக்குப் போய்விட்டதாம். அதைச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சொல்கிறார்கள். வியாழக்கிழமை என் முடிவெட்டும் கடையில் காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஐந்து வரை ஆள் எழுதி வைத்திருக்கிறது. தலையைப் பாதி வெட்டி அனுப்பிவிட்டு நான் இருநூறு மைல் ஓட முடியுமா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாற்காலியில் இருந்தவர் பயந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டார். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

தேதி மாறும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தெல்மா பிர்க்கெட் ஞாபகம் வந்துவிடும்.

தெல்மா எங்கள் ஹாரோபெக் ஊர்த் தொடக்கப் பள்ளியில் தலைமைச் சமையல்காரர். கட்டையான உருவம், பெரிய கண்ணாடி, எவரைப் பார்த்தாலும் ‘கண்ணு’ என்கிற வாய். கணவர் வில்ஃப் கல்குவாரியில் வேலை பார்த்தவர். தொண்ணூறாம் வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஸ்பீட்வே அணி வெளியூருக்கு ஆடப் போகும்போது ரசிகர்களை அள்ளிக்கொண்டு போகும் பஸ்ஸை அதுவரை வில்ஃப்தான் ஏற்பாடு செய்துவந்தார். அடக்கம் முடிந்த மறு வாரம் தெல்மா என் கடைக்கு வந்து, “அடுத்த ட்ரிப்புக்கு யார் யார் வர்றீங்க? பேரச் சொல்லுங்க” என்றார். அழுகையெல்லாம் வீட்டோடு முடித்துவிட்டு வந்திருந்தார்.

ஸ்பீட்வே பார்க்காதவர்களுக்கு எங்கள் பைத்தியம் புரியாது. பிரேக்கே இல்லாத பைக், நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிஷம். அந்த மாதிரிப் பதினைந்து பந்தயம் சேர்ந்தால் ஒரு மேட்ச். வளைவில் பைக்குகள் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு வரும்போது வேலியோரம் நிற்பவன் முகத்தில் சிவப்புச் சல்லி மண் வந்து அப்பும். எஞ்சினில் விளக்கெண்ணெய் கருகும் வாசனை ஒன்று வரும். அதை ஒரு தடவை மூக்கு பிடித்துக்கொண்டால் விடவே விடாது. நாங்கள் இருந்தது கீழ்ப் பிரிவு. பெரிய அணிகளுக்கு டிவி வரும். எங்களுக்கு மழைதான் வரும்.

அந்தக் காலத்தில் பிப்ரவரி இரண்டாம் வாரம் அந்த வருஷத்து மேட்ச் பட்டியல் ஒரே தாளில் தபாலில் வந்துவிடும். தெல்மா அதை என் கடைக்கு எடுத்துவந்து, வரிசைக்குக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். சுற்றி நாங்கள் ஏழெட்டுப் பேர் நிற்போம். பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரிதான். எங்களோடு பஸ்ஸில் வரும் பெரிலுக்கு முழங்கால் ஆபரேஷன் எந்த வாரம், பஸ் ஓட்டுகிற எரிக்கின் மகள் கல்யாணம் எந்தச் சனிக்கிழமை, நான் கடைக்கு எப்போது சுண்ணாம்பு அடிப்பது, எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகும். எரிக்கின் சம்பந்தி, “ஜூன் பதினாலு ஏன் வேண்டாங்கிறீங்க?” என்று கேட்டாராம். “அன்னைக்கு ஆகாது” என்று மட்டும் சொன்னானாம் எரிக். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ!

நாற்பத்தொன்பது சீட்டும் நிரம்பும். விடிகாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்கும். தெல்மா முன் சீட்டில். மடியில் இஞ்சி ரொட்டி டப்பா, காலடியில் இரண்டு பெரிய ஃபிளாஸ்க். முதல் டீ ஒரு குறிப்பிட்ட பாலம் தாண்டினால்தான். அதற்கு முன்னால் கேட்டால், “வாய மூடிட்டுத் தூங்கு கண்ணு” என்பார். தோற்றுவிட்டுத் திரும்பும்போது இன்னும் சத்தமாகப் பாடுவோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அந்த மாதிரி நாற்பத்தொன்பது பேர் ஒன்றாகச் சேர்ந்து உருப்படாத ஒரு காரியத்துக்காக அவ்வளவு தூரம் போய்வந்த நாட்கள் இனி எனக்குக் கிடைக்காது.

எல்லா வெளியூரையும்விடத் தூரம் ட்ரெவாரன். நாட்டின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கோடியில், கடலுக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து நானூறு மைலுக்கு மேல். வருஷம் ஒரே ஒரு தரம், செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. ராத்தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்புவோம்.

அங்கே மூன்றாம் வளைவில் தடத்துக்கு மண் சரி பண்ணுகிறவர் ஹெட்லி நான்ஸ். பகலில் வெள்ளைக் களிமண் லாரி ஓட்டுவார். மேட்ச் நாளில் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் பைக் வாரிப் போட்ட மண்ணை இரும்புப் பல் வைத்த வாரியால் இழுத்துச் சமப்படுத்துவார். ஒடிசலாக, நெட்டையாக, பேச்சுக்குப் பஞ்சமான மனிதர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊர் மேட்ச் ஒன்றைக்கூட விட்டதில்லை. அந்த வளைவை விட்டு வேறெந்த ஊருக்கும் போனதுமில்லை.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் அணிப் பையன் ஒருத்தன் அந்த வளைவில் விழுந்தான். தள்ளிவிட்டது அவர்கள் ஆள். ஆனால் நடுவர் எங்கள் பையனை வெளியே அனுப்பினார். தெல்மா வேலியைப் பிடித்துக்கொண்டு, எதிரே வாரியோடு நின்ற ஹெட்லியைக் கேட்டார்.

“யோவ், நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? கண்ணு தெரியுதா இல்லியா?”

ஹெட்லி வாரியைத் தரையில் ஊன்றிக்கொண்டார். “தெரியுதுங்க. எங்க ஆள்தான் தள்ளுனான்.”

“அப்ப நடுவர்கிட்ட போய்ச் சொல்றதுதானே?”

“என்னை யாரும் கேக்கலீங்களே.”

தெல்மா அங்கேயே சிரித்துவிட்டார். வில்ஃப் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த வருஷம் ஹெட்லி வேலிக்கு மேலே ஒரு காகிதப் பையை நீட்டினார். குங்குமப்பூ போட்ட மஞ்சள் பன். தெல்மா இஞ்சி ரொட்டி கொடுத்தார். அதற்கப்புறம் வருஷா வருஷம் அதே வளைவு, அதே வேலி, ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு நிமிஷப் பேச்சு. பதினைந்து பந்தயத்துக்கு எவ்வளவு வரும், அரை மணி நேரம். வருஷத்துக்கு அரை மணி நேரம்! கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை. அவ்வளவுதான். அவர் இவரை ‘மிஸஸ் பிர்க்கெட்’ என்பார். இவர் அவரை ‘மிஸ்டர் நான்ஸ்’ என்பார். பஸ்ஸில் இருந்த நாற்பத்தெட்டுப் பேருக்கும் விஷயம் தெரியும். தெரியாதவர்கள் அந்த இரண்டு பேரும்தான்.

“தெல்மா, இந்த வருஷம் பன்னுல குங்குமப்பூ தூக்கலோ? கன்னம் செவந்திருக்கு!” என்பான் எரிக்.

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு கண்ணு. நாப்பது உசுரு இருக்கு.”

பிறகு காலம் கெட்டது. ஓட்டுகிறவர்கள் ஒரே சமயத்தில் போலந்தில் ஒரு அணி, ஸ்வீடனில் ஒரு அணி, இங்கே இரண்டு அணி என்று ஒப்பந்தம் போட ஆரம்பித்தார்கள். மைதானங்களை நாய்ப் பந்தயக்காரர்களும் பழைய கார்களை மோதவிட்டுப் பந்தயம் நடத்துகிறவர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெரிய அணிகள் தங்களுக்குப் பிடித்த நாளை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் மீதி எங்களுக்கு. பிப்ரவரித் தாள் மார்ச்சுக்குப் போயிற்று, பிறகு பாதிப் பாதியாக வந்தது, பிறகு வந்ததும் நிற்கவில்லை. ஒரு வாரம் முன்னால் மாற்றுவார்கள், நாலு நாள் முன்னால் மாற்றுவார்கள். மழை பெய்தால் மாற்றட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? வெயில் காயும்போதும் மாற்றினார்கள். ஆடுகிறவர்களைக் கேட்டார்கள், மைதானக்காரரைக் கேட்டார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாண்ட்விச் கட்டிக்கொண்டு நிற்கிற எங்களைக் கேட்க ஒரு நாதி இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு ஊருக்குப் போய் இறங்கினால் கேட் பூட்டிக் கிடக்கிறது. நாயோடு உலாவ வந்த ஒரு ஆள், “மேட்ச் வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சே! நேத்து சாயங்காலம் கம்ப்யூட்டர்ல போட்டாங்களே!” என்றார். எங்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பேரன் விளையாடுகிற பெட்டி. தெல்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவருக்கு அதுதான். “சரி, வந்தது வந்தாச்சு. சாண்ட்விச் கெட்டுப்போயிடும்” என்றார். பூட்டிய கேட்டுக்கு முன்னால், தூறலில், பதினாறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த நாய்க்கும் இரண்டு கிடைத்தது.

ஆமாம், பதினாறு பேர்தான். நாற்பத்தொன்பது முப்பதானது, முப்பது பதினாறானது. வேலைக்குப் போகிறவர்கள்தான் முதலில் நின்றார்கள். எத்தனை தரம்தான் முதலாளியிடம் லீவு கேட்டு, பிறகு வேண்டாம் என்று சொல்லி, மறுபடி வேறு நாள் கேட்பது? பெரிய பஸ் போய்ச் சின்ன வேன் வந்தது. கடைசியில் வேனும் போய் எரிக்கின் கார்தான் மிஞ்சியது. எரிக், பெரில், நான், தெல்மா.

இரண்டாயிரத்து எட்டு செப்டம்பர். ட்ரெவாரனில் பதினாலாவது பந்தயம் முடிந்ததும் ஹெட்லி வேலியருகே வந்தார். வாரியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“மிஸஸ் பிர்க்கெட், உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்.”

“கேளுங்க மிஸ்டர் நான்ஸ்.”

அதற்குள் கடைசிப் பந்தயத்துக்கு எஞ்சின்கள் உறும ஆரம்பித்துவிட்டன. ஹெட்லி திரும்பித் தன் இடத்தைப் பார்த்தார். “சரி, அடுத்த வருஷம் வரும்போது பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஓடினார். பந்தயம் முடிந்ததும் டிராக்டர் வந்துவிட்டது, அவர் அதன் பின்னாலேயே போய்விட்டார்.

திரும்பும்போது நானூறு மைலும் தெல்மா இஞ்சி ரொட்டி டப்பாவைத் திறக்கவே இல்லை. பெரில் என் விலாவில் முழங்கையால் இடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஒரு வருஷம் தெல்மா எப்படி இருந்தார் என்று நான் சொல்ல வேண்டும். முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வந்தார். நீல நிறத்தில் புதுக் கோட்டு ஒன்று வாங்கி, போடாமல் வைத்திருந்தார். “எதுக்குத் தெல்மா?” என்றால், “குளிருக்கு” என்பார். ஐம்பத்தெட்டு வயசு. ஒரு கேள்வி வருகிறது என்று தெரிந்து அதற்காகக் காத்திருக்கிற முகம் அவருக்கு அந்த வயசில் வந்தது. எனக்கே பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை என்று போட்டிருந்தார்கள். விடுதியில் அறைக்குச் சொல்லியாயிற்று. ஏழாம் தேதி திங்கட்கிழமை காலையில் எரிக் என் கடைக்குள் நுழைந்தபோதே அவன் மூஞ்சி சரியில்லை.

“மாத்திட்டானுங்கடா டெஸ். புதன்கிழமை. நாளன்னைக்கு!”

காரணம், அவர்களுடைய நம்பர் ஒன் பைக்காரனுக்குச் சனிக்கிழமை வேறு நாட்டில் மேட்ச். புதன்கிழமை எனக்குக் கடை. எரிக்குக்குப் பள்ளிக்கூட பஸ். தெல்மாவுக்கு நூற்றிருபது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. பள்ளி திறந்து இரண்டாவது வாரம், உதவிக்கு இருந்தவள் அப்போதுதான் புதுசாகச் சேர்ந்திருந்தாள்.

“உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க தெல்மா. ரயில்ல போயிடுங்க” என்றாள் பெரில்.

“பொய் சொல்லிட்டு நான் போயிட்டா பிள்ளைங்க வாயில யாரு சோறு வைப்பா? அந்தப் பொண்ணுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கவே தெரியல.” தெல்மா கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை எங்கள் ஊரிலிருந்து ஒருத்தர்கூடப் போகவில்லை. நாங்கள் ஐம்பத்து மூன்றுக்கு முப்பத்தேழு என்று தோற்றோம். மறுநாள் தெல்மா கடைக்கு வந்தார். ஸ்கோர் என்னவென்று கேட்கவே இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அது முதல் தரம்.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டார். ஹெட்லியிடமிருந்து நாலு வரியில் பதில் வந்தது. ‘பரவாயில்லை. மூன்றாம் வளைவில் உங்களைத் தேடினேன். அடுத்த வருஷத் தேதி வந்ததும் பார்க்கலாம்.’

அடுத்த வருஷத் தேதி வந்தது. பட்டியலில் ட்ரெவாரன் இல்லை. மைதானத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்களாம், அணியைக் கலைத்துவிட்டார்களாம். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து தெல்மா அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தார். பிறகு திருப்பி, ஒன்றும் அச்சடிக்காத பின்பக்கத்தைப் பார்த்தார்.

“இனி அங்க போறதுக்கு இல்ல, டெஸ்” என்றார்.

“இல்லதான்” என்றேன் நான்.

“இல்ல” என்றான் எரிக்.

“என்ன பண்றது, விதி” என்றாள் பெரில்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. நாலு பேரும் துக்க வீட்டில் இருப்பதைப்போல இருந்தோம். அப்போது என் நாற்காலியில் கழுத்தில் துணியோடு இருந்தவர் அந்த வழியாகப் போகும் தரைவிரிப்பு வியாபாரி. ஸ்பீட்வே என்றால் என்னவென்றே அறியாத மனிதர். அரை மணி நேரமாக எங்கள் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏங்க, அந்த ஊருக்கு ரோட்ட மூடிட்டாங்களா?”

“ரோடா? ரோடு இருக்கே.”

“ரயிலு?”

“ரயிலும் இருக்கு.”

“அந்த ஆளு உயிரோட இருக்காரா?”

“இருக்காருங்க!”

“அப்புறம் போறதுக்கு என்ன கேடு?”

சத்தியமாகச் சொல்கிறேன், பதினாறு வருஷத்தில் எங்களில் ஒருத்தர் மூளைக்கும் அது எட்டவில்லை. மேட்ச் இல்லாத நாளில் ஒரு ஊர் அந்த இடத்தில்தான் இருக்கும், அதற்கு வழி போகும், அங்கே ஒரு மனிதர் வீட்டில் இருப்பார் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. நான் பாதி வெட்டிய தலையோடு அவரை அப்படியே விட்டுவிட்டுத் தெல்மாவைப் பார்த்தேன். அவர் காது வரைக்கும் சிவந்துபோயிருந்தார்.

“மேட்ச் இல்லாம எப்படிக் கண்ணு?” என்றார் மெதுவாக. “எதுக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்றது?”

“பன்னு திங்க வந்தேன்னு சொல்லுங்க!” என்று எரிக் எழுந்தே விட்டான். “நான் காரெடுக்கிறேன். ஈஸ்டர் லீவு, சனிக்கிழமை. பிள்ளைங்களுக்கு யாரும் சோறு போட வேண்டாம். இந்தத் தேதிய எவனும் மாத்த முடியாது.”

ஏப்ரல் மூன்று. நீலக் கோட்டோடு தெல்மா பின் சீட்டில். பெரிலுக்கு மறுபடி முழங்கால், வரவில்லை. வழியெல்லாம் தெல்மா மூன்று தரம், “திரும்பிடலாம் எரிக்” என்றார். எரிக் காதில் வாங்கவே இல்லை. கிறிஸ்துமஸ் அட்டையில் இருந்த விலாசத்தைக் கேட்டுக் கேட்டுப் போனோம். சாம்பல் கல் வீடு, பச்சைக் கதவு. தெல்மா இறங்கிப் போய்த் தட்டினார். நாங்கள் காரில் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டோம். நாகரிகம் இல்லைதான், ஆனால் நானூறு மைல் ஓட்டி வந்திருக்கிறோமே.

ஹெட்லி கதவைத் திறந்தார். கால் சட்டைக்கு மேல் சமையல் துண்டு. தெல்மாவைப் பார்த்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“மிஸஸ் பிர்க்கெட்! மேட்ச் எங்கீங்க?”

“மேட்ச் இல்ல, மிஸ்டர் நான்ஸ்.”

“மேட்ச் இல்லியா?”

“இல்ல. நீங்க என்னமோ கேக்கணும்னு சொன்னீங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஹெட்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துண்டால் கையைத் துடைத்தார், காய்ந்த கையையே மறுபடி துடைத்தார்.

“அது வந்து... மைதானத்த விக்கப் போறாங்கன்னு எனக்கு அப்பவே காதுல விழுந்துதுங்க. மேட்ச் இல்லாமப் போச்சுன்னா உங்களை எப்படிப் பாக்குறதுன்னு தெரியல. அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்.”

அவ்வளவுதான் கேள்வி! அதற்காகவா ஒன்றரை வருஷம்! ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்தபோது அதைவிடப் பெரிய கேள்வி எதையும் ஒருத்தர் ஒருத்தரிடம் கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. தெல்மா கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தரம் அது கோபம் இல்லை.

“கதவத் தட்டிப் பாக்கணும் கண்ணு. வேற எப்படி?” என்றார்.

ஹெட்லியை அவர் ‘கண்ணு’ என்று கூப்பிட்டு நாங்கள் கேட்டது அன்றுதான்.

கதவு சாத்திக்கொண்டது. நானும் எரிக்கும் காரிலேயே சாண்ட்விச் தின்றோம். முக்கால் மணி நேரம் கழித்துத் தெல்மா வெளியே வந்தார். கோட்டு இல்லை, உள்ளே எங்கேயோ மாட்டிவிட்டு வந்திருந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் விடுதிக்குப் போங்க. நாளைக்குக் காலையில அப்படியே கெளம்பிடுங்க. நான் ரயில்ல வந்துக்கிறேன்.”

“எப்ப வருவீங்க?” என்றேன்.

“தேதி இன்னும் முடிவாகல கண்ணு” என்றார் தெல்மா, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் எரிக், வழியில் வரும் எக்ஸெட்டர் ஊர் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓட்டினான். நானும் சிரித்தேன். பாதி வழியில் டீ வேண்டும்போல் இருந்தது. ஃபிளாஸ்க்குக்காகப் பின்னால் திரும்பினேன். சீட்டில் யாரும் இல்லை. அவர் இனி எங்கள் ஊருக்குச் சாமான் எடுக்கத்தான் வருவார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் வீடு வரைக்கும் என்னால் சிரிக்க முடியவில்லை.